வீழ்ச்சி மட்டும்

(நயாகரா, நியூயார்க் கரை, 1969)

ஜூன் பன்னிரண்டு.
சத்தம் கேட்டு அல்ல,
சத்தம் குறைந்ததால் விழித்தேன்.
விடுதியின் பின்னறை அலமாரியில்
நான் வந்த நாள் முதல் நடுங்கிக்கொண்டிருந்த
கண்ணாடித் தம்ளர்கள்
ஒன்றையொன்று தொடாமல் நின்றன.
தூரத்தில் கனடா பக்கத்து அருவி மட்டும்
பக்கத்து வீட்டுச் சண்டைபோல
விட்டுவிட்டுக் கேட்டது.

ராணுவப் பொறியாளர்கள்
லாரி லாரியாகக் கல் கொட்டி
எங்கள் பக்கத்து ஆற்றை மறித்துவிட்டார்கள்.
பாறை ஏன் இடிந்து விழுகிறது என்று பார்க்கவேண்டுமாம்.
சட்டையைக் கழற்றாமல்
டாக்டர் எப்படிப் பார்ப்பார்?

தேனிலவுக்காரர்கள் தங்கும் விடுதி இது.
பதினான்கு அறை. விரிப்பு மாற்றுகிறவள் நான்.
முதலாளி காசிமிர் வொய்தாஸ்
'நீர்வீழ்ச்சி தெரியும் அறைகள்' என்ற பலகைக்கு முன்
பெயிண்ட் டப்பாவோடு நின்றார்.
"நீரை மட்டும் அழித்தால் போதும்," என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஆனால் கூட்டம் குறையவில்லை.
இல்லாத ஒன்றைப் பார்க்க
ஒஹாயோவிலிருந்தெல்லாம் வந்தார்கள்.
கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து
ஈரம் காயாத கல்லையே பார்த்துவிட்டு
ஏமாந்தோமா இல்லையா என்று தெரியாமல்
ஐஸ்கிரீம் வாங்கப் போனார்கள்.

ஆற்றுப் படுகை முழுக்கக் காசு.
பச்சைக் களிம்பேறி ஒட்டிக்கிடந்த வேண்டுதல்கள்.
வாளியில் அள்ளினார்கள்.
என்னுடையதும் ஒன்று இருந்திருக்கும்,
நாற்பத்தேழில் போட்டது.
அவன் திரும்பி வரவேண்டும் என்றல்ல,
வரவே கூடாது என்று.
பலித்தது. குறை சொல்லமாட்டேன்.

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கிடைத்தார்கள்.
அதைப்பற்றி ஊரில் யாரும் உரக்கப் பேசவில்லை.
எங்களிடம் தங்கியவர்களோ என்று
பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
பக்கம் பக்கமாக
திரு, திருமதி ஸ்மித்.

பாறையில் துளை போடும் ஆர்லி பிரிண்டப்
தன் வேலைச் சட்டைகளை
எங்கள் மெஷினில் துவைக்கக் கொண்டுவருவான்.
டஸ்கரோரா ஆள்.
வடக்கே எட்டு மைலில் அவர்கள் நிலம்.
"இவர்களுக்குத் தண்ணீரை நகர்த்துவது புதிதா என்ன?
மின்சாரத்துக்கு என்று சொல்லி
எங்கள் வயலில் ஒரு ஏரியை வைத்தார்களே," என்றான்.
"வழக்கு வாஷிங்டன் வரை போனது.
தீர்ப்பு வந்தது. பின்னாலேயே தண்ணீரும்."
சோப்புத்தூளை அளந்து போட்டான்.
"அந்தத் தண்ணீரில் யாரும் காசு போடுவதில்லை."

ஜூலையில் வெயில் ஏறியது.
காய்ந்தால் களிப்பாறை பொடிந்துவிடும் என்று பயந்து
குழாய் பதித்து
அருவியின் மேல் தண்ணீர் தெளித்தார்கள்.
ரோஜாத் தொட்டிக்குத் தெளிப்பதுபோல,
நயாகராவுக்கு.
அந்த வாரம்தான் நிலவில் ஆள் இறங்கினார்கள்.
வரவேற்பறை டிவியில் சாம்பல்நிறக் கல்லும் குழியும்.
ஆறாம் அறைக் குழந்தை
டிவியைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது,
"எது அங்கே, எது இங்கே?" என்றது.
காசிமிருக்கு அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.

நவம்பர் கடைசியில் மறிப்பை உடைத்தார்கள்.
முதலில் சேறு.
பிறகு இலை, சருகு, யாரோ விட்ட தொப்பி.
பிறகு தண்ணீர்,
தன் வீட்டுக்குள் நுழைகிறவன்போல
கதவைத் தட்டாமல்.
தம்ளர்கள் ஒவ்வொன்றாகத் தொடங்கின.
அன்று இரவும் தூங்கவில்லை.

சில வருடம் கழித்துத் தபாலில் ஒரு சீட்டு.
அடியில் குவிந்த கல்லை அகற்றலாமா,
அப்படியே விடலாமா?
உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்.
விடுங்கள் என்று குறியிட்டேன்.
விழுவதைத் தவிர அதற்கு வேறென்ன வேலை?

தபால்தலையை நக்கி ஒட்டும்போது
ஆர்லி ஞாபகம் வந்தான்.
அவன் வீட்டுக்கும் இந்தச் சீட்டு போயிருக்குமா?
ஏரி வந்தபோது
இப்படி ஒன்று வந்ததா என்று
அன்றைக்கே கேட்டிருக்கலாம்.
மெஷின் ஓடிக்கொண்டிருந்தது,
கேட்கவில்லை.